பூச்சி தின்கிற செடிக்குப் பூச்சி

கையை இழுத்துக்கொள்ள வேண்டாம் அம்மா, கடிக்காது. செடிதான். துணி போட்டு மூடியிருப்பதால் கண்டக்டர்கூட எட்டி நின்றுதான் டிக்கெட்டைக் கொடுத்தார், பார்த்தீர்கள் இல்லையா? நாய்க்குட்டி என்று நினைத்திருப்பார். நீங்கள் ஜன்னல் பக்கமே இருங்கள். காற்று நேராக அடித்தால் இதற்கு ஆகாது.

பார்க்கிறீர்களா? இதோ. இலை நுனியிலிருந்து நூல் மாதிரி இறங்கி, கீழே சின்னச் சொம்பு போலத் தொங்குகிறதே, மூடிகூட இருக்கிறது பாருங்கள், அதுதான் குடுவை. செடிக்குப் பெயரே குடுவைச் செடி. விளிம்பில் இனிப்பு கசியும். எறும்பு அதை நக்க வரும், வழுக்கி உள்ளே விழும், உள்ளே இருக்கிற நீரில் கரைந்துபோகும். ஆமாம், பூச்சி தின்கிற செடி. இதற்குப் பூச்சி வந்துதான் எனக்கு வேலை போயிற்று.

சிரித்துவிட்டீர்கள். பரவாயில்லை அம்மா. எங்கள் பிரின்ஸிபால் சிரித்தார். ஆபீஸில் சிரித்தார்கள். எங்கள் அப்பா இன்னும் சிரிக்கவில்லை, அவருக்கு இனிமேல்தான் சொல்ல வேண்டும். "ஏம்மா, பூச்சி திங்கிற செடியவே பூச்சி திங்குதா?" இந்த ஒரு கேள்விக்கு ஒரு மாதத்துக்கும் மேலாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நமக்கு வாய் நிறையப் பல் இருக்கிறது, தலையில் பேன் வராமலா இருக்கிறது? அந்தப் பல்லால் பேனைக் கடிக்க முடியுமா? அதே மாதிரிதான். குடுவைக்குள் விழுவதைத்தான் இது தின்னும். முதுகில் உட்கார்ந்து சாறு குடிப்பதை இதனால் ஒன்றும் செய்ய முடியாது. மாவுப்பூச்சி தெரியும்தானே? மரவள்ளியில் வருமே, பஞ்சைக் கிள்ளி ஒட்டினது மாதிரி. அதேதான்.

முதலிலிருந்து சொல்கிறேன். இல்லாவிட்டால் நான்தான் ஏதோ தப்பு செய்த மாதிரி ஆகிவிடும்.

என் பெயர் ஜீவிதா. தாவரவியலில் எம்.எஸ்சி. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டின முதல் ஆள் நான். அப்பா லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டிங். நாமக்கல்லுக்கு வெளியே ஒரு கல்லூரியில், பெயர் வேண்டாம், ஆய்வக உதவியாளராக இருந்தேன். பதினோரு மாத ஒப்பந்தம். அக்டோபர் முப்பத்தொன்றோடு முடியும். முடிந்ததும் துறைத்தலைவர் கையெழுத்துப் போட்டால் இன்னொரு பதினோரு மாதம். போடாவிட்டால் இல்லை. அவ்வளவுதான் விஷயம். "எம்புள்ள காலேஜ்ல இருக்குது" என்று அப்பா பட்டறையில் சொல்லாத நாள் கிடையாது.

துறைத்தலைவர் ருக்மணி மேடம். நல்லவர்தான். நான் யாரையும் குறை சொல்கிற ஆள் இல்லை அம்மா. முதல் வருடத்தில் ஒன்பது பிள்ளைகள்தான் சேர்ந்திருக்கிறார்கள். அடுத்த வருடமும் இப்படியே இருந்தால் தாவரவியலையே மூடிவிடலாம் என்று நிர்வாகத்தில் பேச்சு. அதனால் அக்டோபரில் சுற்றுவட்டாரப் பள்ளிகளிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிவந்து ஒரு கண்காட்சி. எல்லாத் துறைக்கும் ஒரு மேஜை. கம்ப்யூட்டர் துறையில் ரோபோ, வேதியியலில் புகை வரவழைப்பார்கள். எங்களிடம் என்ன இருக்கிறது? இந்தச் செடிதான். ஆய்வகத்து ஜன்னலோரம், சரஸ்வதி படத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. எட்டுக் குடுவை.

மேடம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "இங்க பாரு ஜீவிதா. அன்னிக்கு இந்த எட்டும் நிக்கணும். இதப் பாத்துத்தான் புள்ளைங்க வரணும். நீ இதப் பாத்துக்கோ, நான் உன்னப் பாத்துக்கறேன்."

நான் எழுதியே வைத்துக்கொண்டேன். எட்டும் நிற்க வேண்டும்.

இதை வளர்ப்பது சுலபம் இல்லை அம்மா. எங்கள் கல்லூரி போர்வெல் தண்ணீர் உப்பு. பக்கெட்டில் வைத்தால் மறுநாள் வெள்ளையாகப் படியும். அதை ஊற்றினால் வேர் கருகும். மழைத் தண்ணீர்தான் வேண்டும், மழை எங்கே? கடைசியில் பிரின்ஸிபால் அறை ஏ.சி. குழாயிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்குக் கீழே ஒரு வாளி வைத்தேன். அதில் உப்பு கிடையாது. வாட்ச்மேன் கேட்டார், "ஏங்கண்ணு, சார் ரூமு தண்ணிதான் அதுக்கு ஒத்துக்குமா? அவ்வளவு பெரிய எடத்துச் செடியா அது?" கிண்டல். நான் பொறுத்துக்கொண்டேன்.

புரட்டாசி இரண்டாவது வாரம். தண்ணீர் ஊற்றப் போகிறேன், இலை இடுக்கில் வெள்ளை. திருப்பிப் பார்த்தால் அடியில் வெள்ளை. மூடிக்கு அடியில் வெள்ளை.

அப்புறம் வைத்தியம். ஆளாளுக்கு ஒன்று. வேப்பெண்ணெய் அடி என்றார்கள். சோப்புத் தண்ணீர் தெளி என்றார்கள். ஆபீஸ் சூப்பிரண்டு, "அடுப்புச் சாம்பலத் தூவிவிடுங்க, எங்க தோட்டத்துக் கத்திரிக்கு அதான்" என்றார். கத்திரி வேறு, இது வேறு. எண்ணெய் பட்டால் குடுவை வழுக்குகிற இடமெல்லாம் கெட்டுவிடும், சோப்பு பட்டால் உள்ளே இருக்கிற நீர் கெட்டுவிடும். சொன்னால் யார் கேட்கிறார்கள்? "படிச்சவங்க சொன்னாச் சரிதான்" என்று ஒரு மாதிரி சொல்லிவிட்டுப் போனார். படித்ததைச் சொன்னாலும் குற்றம்.

நான் காது குடைகிற பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் தொட்டு, ஒரு இலையில் வைத்து இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, பிறகுதான் மற்றதில் வைத்தேன். ஒவ்வொரு பூச்சியாக. முதல் நாள் நூற்றுப் பதினான்கு. எண்ணினேன், நோட்டில் இருக்கிறது. மூன்றாம் நாள் ஐம்பத்திரண்டு. ஆறாம் நாள் பதினொன்று. சரி, வழிக்கு வந்துவிட்டது என்று பார்த்தால் ஒன்பதாம் நாள் நூற்று முப்பது. அழுகை வராதா? நீங்கள் சொல்லுங்கள். செடியை உலுக்கி, உனக்குத்தான் வாய் இருக்கிறதே, இத்தனை வாய் இருக்கிறதே என்று கேட்கத் தோன்றியது. கேட்டேன். அப்போது ஆய்வகத்தில் யாரும் இல்லை.

அன்றைக்குத்தான் எறும்பைக் கவனித்தேன். இதற்கு எறும்பு வருவது வழக்கம்தான், ஆனால் இது சாரை சாரையாக, வராந்தாவில் இருக்கிற செம்பருத்தித் தொட்டியிலிருந்து ஜன்னல் வழியாக. மாவுப்பூச்சியின் பின்பக்கம் இனிப்பாக ஒரு நீர் வரும், அதற்காக எறும்பு அதை மாடு மாதிரி வளர்க்கும், ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தூக்கிக்கொண்டும் போகும். செம்பருத்தியில் எப்போதும் மாவுப்பூச்சி உண்டு. ஆனால் எறும்பு ஏன் திடீரென்று இந்தச் செடியில் குடியேற வேண்டும்? எட்டுக் குடுவையையும் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தேன். இரண்டில், தொண்டையில் அடைத்த மாதிரி, மஞ்சளாக, ஒட்டிக்கொண்டு... என்ன தெரியுமா? சர்க்கரைப் பொங்கல்.

ஆமாம் அம்மா. சர்க்கரைப் பொங்கல். நெய் வாசனை புளித்துப் போய் அடித்தது. பொங்கல் உருண்டை அடைத்திருந்ததால் எறும்பு வழுக்கி விழவே இல்லை. பாலம் போட்டுக் கொடுத்த மாதிரி நடந்து போய்த் தின்றுவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

எனக்கு உடனே பாப்பாத்தி அக்கா ஞாபகம் வந்தது. எங்கள் துறையைக் கூட்டித் துடைக்கிறவர். ஐம்பது வயதிருக்கும். புரட்டாசி பிறந்த அன்றைக்கே அவர் கேட்டார், "ஏங்கண்ணு, நாமெல்லாம் கவிச்சி தொடாம இருக்கறோம். சாமி படத்துக்குக் கீழ தொங்கிக்கிட்டு இது மட்டும் திங்குதே, இதுக்குப் புரட்டாசி கெடையாதா?" கேட்டார் இல்லையா? இவர்தான் கேட்டார். அப்படியென்றால் வேறு யார் வைத்திருப்பார்கள்?

போய்க் கேட்டேன். செய்முறை வகுப்பு நடந்துகொண்டிருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள். மறைவாகக் கேட்டிருக்கலாம்தான். எனக்குப் படபடப்பு.

"அக்கா, செடிக்குள்ள பொங்கல் வெச்சது நீங்கதானே?"

"நானா?" துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "எனக்கே ஒரு வாய் பொங்கல் கெடைக்கலீங்க அம்மிணி. கெடைச்சா செடிக்கு ஊட்டிட்டு இருப்பனா?"

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கு எப்போதும் அவ்வளவு கோபம் வராது.

திங்கட்கிழமை அறிக்கை கொடுத்தேன். வாயால் சொன்னால் நாளைக்கு மாறிப்போகும், எழுதினால் நிற்கும். "துப்புரவுப் பணியாளர் திருமதி பாப்பாத்தி அவர்கள் குடுவைகளில் உணவுக் கழிவை இட்டு வந்ததே பூச்சித் தாக்குதலுக்குக் காரணம் எனத் தெரிகிறது." 'எனத் தெரிகிறது' என்றுதான் போட்டேன், கவனித்தீர்களா? நான் கண்ணால் பார்க்கவில்லை என்பதால். அந்த அளவுக்கு நான் ஜாக்கிரதை. மேடம் படித்துப் பார்த்தார். கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார். செவ்வாய்க்கிழமை பாப்பாத்தி அக்காவைப் பெண்கள் விடுதிக்கு மாற்றிவிட்டார்கள்.

சரி, இனிமேல் தொந்தரவு இல்லை. அப்படித்தானே நினைப்போம்? அடுத்த திங்கட்கிழமை வந்து பார்க்கிறேன், மூன்றாவது குடுவையில் பொங்கல். புதிது. முந்திரிப் பருப்பு தெரிகிறது.

நான் அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. கண்காட்சிக்குப் பத்து நாள்கூட இல்லை. எட்டில் இரண்டு குடுவை அழுகிக் கருத்து விழுந்தாயிற்று. சனிக்கிழமை ஏழரை மணிக்கே போய்விட்டேன். ஆய்வகம் திறந்திருந்தது. ருக்மணி மேடம் நின்றுகொண்டிருந்தார். தலைக்குக் குளித்து, ஈரத் துண்டோடு, நெற்றியில் நாமம். கையில் தொன்னை. ஸ்பூனால் பொங்கலை உருட்டி உருட்டி, குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி, "ம்... வாங்கிக்கோ" என்று சொல்லிக்கொண்டே குடுவைக்குள் விட்டுக்கொண்டிருந்தார்.

"வா ஜீவிதா. பெருமாள் கோயில் பிரசாதம், கைய நீட்டு. பாவம்டி இது, புரட்டாசியிலகூட எறும்பத் தின்னுட்டுத் தொங்குது. இந்த ஒரு மாசமாவது சுத்தமா இருக்கட்டுமேன்னு சனிக்கிழமை சனிக்கிழமை குடுக்கறேன். நல்லபடியா நிக்கும் பாரு, மிச்சம் ஆறும் நிக்கும்."

டாக்டர் பட்டம் வாங்கினவர் அம்மா. இந்தச் செடி மண்ணில் நைட்ரஜன் கிடைக்காமல்தான் பூச்சியைப் பிடிக்கிறது என்று எனக்கே பாடம் நடத்தியவர். அது வகுப்பறையில் போல. சனிக்கிழமை காலையில் வேறு.

நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? கையை நீட்டினேன். வாங்கிச் சாப்பிட்டேன். "நல்லா இருக்குங்க மேடம்" என்றேன். அது பொய் இல்லை, நன்றாகத்தான் இருந்தது.

அவர் போனபிறகு ஒவ்வொரு குடுவையாக, இடுக்கியால் பொங்கலை எடுத்தேன். ஏ.சி. தண்ணீரில் அலசினேன். பிறகு இரண்டாவது அறிக்கை எழுதினேன். முதல் அறிக்கை தவறு என்று தெரிந்தபிறகு சும்மா இருந்தால் நேர்மையா அது? "குடுவைகளில் யாரோ உணவுப் பொருள் இடுவது தொடர்கிறது" என்று எழுதினேன். பெயர் போடவில்லை. பெயர் தேவைப்படவில்லை. பொங்கல் வந்ததுதான் விஷயம், யார் கையால் வந்தால் என்ன? நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? பாப்பாத்தி அக்கா பெயரைப் போட்டேன்தான். அது வேறு, அப்போது எனக்கு விஷயம் தெரியாது. தெரியாமல்தான் போட்டேன்.

கண்காட்சி அன்றைக்கு மூன்றே குடுவை நின்றது. அதிலும் ஒன்று சாய்ந்து. பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாற்பது பேர் மேஜையைச் சுற்றி நின்றார்கள். ஒரு பெண் குனிந்து பார்த்துவிட்டு, "மிஸ், இது பூச்சிய சாப்பிடுதா, பூச்சிக்குச் சாப்பாடு போடுதா?" என்று கேட்டது. கூட்டமே ரோபோ பக்கம் போய்விட்டது.

சாயங்காலம் பிரின்ஸிபால் அறையில் மேடமும் நானும். மேஜை மேல் என் இரண்டு அறிக்கை.

"அந்தம்மாவ மாத்தியாச்சு. அப்பறமும் நடக்குதுன்னு எழுதியிருக்கீங்க. ஹாஸ்டல்லருந்து வந்து வெச்சுட்டுப் போறாங்களா? அப்படின்னா ஆளையே நிறுத்திடலாம். ஒரு ஃபோன் போதும்."

பிரின்ஸிபால் ஃபோனைக் கையில் எடுத்துவிட்டார் அம்மா. மேடத்தைப் பார்த்தேன். அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். இன்னும் பத்து நாளில் எனக்குக் கையெழுத்துப் போட வேண்டிய கை அது.

"சார், பாப்பாத்தி அக்கா இல்லைங்க சார். மேடம்தாங்க சார் வெச்சாங்க."

சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

மேடம் மறுக்கவே இல்லை. சிரித்தார். "ஆமா சார். கோயில் பிரசாதம். துளியூண்டு. இந்தப் பொண்ணு அதப் போயி உணவுக் கழிவுன்னு எழுதியிருக்கு."

பிரின்ஸிபால் என் அறிக்கையைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "பெருமாள் பிரசாதத்தால பூச்சி வருமாம்மா?"

"சர்க்கரைக்கு எறும்பு வருங்க சார். எறும்பு பூச்சியக் கொண்டு வரும்."

"அதான் எறும்பத் திங்கிற செடியாச்சே!" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன்.

பாப்பாத்தி அக்கா வைத்தால் உணவுக் கழிவு, மேடம் வைத்தால் பிரசாதம். நான் அப்படிப் பிரித்து எழுதவில்லையே? பொங்கலைப் பொங்கல் என்றே எழுதியிருந்தால் தேவலை. ஒரு நல்லது நடந்தது. "சரி, மாசக் கடைசியிலருந்து அந்தம்மாவ பழைய எடத்துக்கே வரச் சொல்லுங்க" என்று பிரின்ஸிபால் ஆபீஸுக்குச் சொல்லிவிட்டார். எனக்கு அது போதும் என்று இருந்தது. முப்பத்தொன்றாம் தேதி மேடம், "துறைக்கு ஆளே வராதப்ப உதவியாளர் எதுக்கு ஜீவிதா?" என்றார். "அந்தச் செடியையும் தூக்கிட்டுப் போயிடு. மத்ததுக்குப் பூச்சி ஒட்டிக்கும்." குரலை உயர்த்தவே இல்லை. அவர் என்றைக்குமே உயர்த்தமாட்டார்.

வேலை போகட்டும் அம்மா. ஒருத்தர் மேல் விழுந்த பழியை நான் துடைத்தேன் இல்லையா? அதற்கு என்ன நடந்தது தெரியுமா? அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்கே பாப்பாத்தி அக்காவைத் தேடிப் போனேன். படிக்கட்டு ஏறி வந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் துறை இரண்டாவது மாடி.

"அக்கா, உங்க மேல தப்பு இல்லைன்னு சொல்லிட்டேன். என் வேலையே போச்சு. ஆனாலும் சொல்லிட்டேன்."

அவர் முட்டியைத் தேய்த்துக்கொண்டே நிமிர்ந்தார்.

"யாரு உன்னையச் சொல்லச் சொன்னா?"

"அக்கா?"

"ஹாஸ்டல்ல காலைல ரெண்டு இட்லி குடுத்தாங்க. படி ஏற வேண்டியதில்ல. மூணு மணிக்கு அனுப்பிருவாங்க. அந்தப் புள்ளைங்க பாப்பாக்கா பாப்பாக்கான்னு உசுர விடும். மொத தடவ நீ எழுதிவிட்டப்ப நாலு நாளு அழுதேன் கண்ணு. அப்பறம் பாத்தா, அட, இது நல்லாத்தான் இருக்குதுன்னு இருந்தேன். இப்ப நேர்மைன்னு சொல்லிட்டு வந்து மறுபடி மாடி ஏத்தி உட்டிருக்கற. ரெண்டு தடவ எழுதினியே, எனக்கு எது வேணும்னு ஒரு தடவையாவது எங்கிட்ட வந்து கேட்டியா?"

துடைப்பத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். வேலையும் போய், நல்ல பெயரும் இல்லாமல் நான் நின்றேன். இதற்கு என்ன சொல்வீர்கள்? உண்மையைச் சொன்னால் மேலே இருக்கிறவர்களுக்கும் கோபம், கீழே இருக்கிறவர்களுக்கும் கோபம்.

ஆனால் நான் விடவில்லை அம்மா. நாளைக்கு அனுபவச் சான்றிதழ் வாங்கக் கல்லூரிக்குப் போக வேண்டும். அப்போது பிரின்ஸிபாலிடம் கொடுக்க இன்னொரு கடிதம் எழுதியிருக்கிறேன். இந்தப் பையில்தான் இருக்கிறது. "திருமதி பாப்பாத்தி அவர்களின் மூட்டு வலியைக் கருத்தில் கொண்டு, அவரை மீண்டும் விடுதிப் பணிக்கே மாற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." மூன்று முறை திருத்தி எழுதினேன். ஒரு பிழை இல்லை.

என்ன? அவரிடமா?

இல்லை, இன்னும் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? விடுதி நல்லாயிருந்தது என்று அவர் வாயாலேயே சொன்னாரே.

இல்லை அம்மா, அவர் இப்போது கோபத்தில் இருக்கிறார். இப்போது போய்க் கேட்டால், ஒன்றும் வேண்டாம், என் பெயரை எதிலும் எழுதாதே என்று சொல்லிவிடுவார்.

அப்படிச் சொல்லிவிட்டால் இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?